நாற்பதுக்கு நூற்று நாற்பத்தெட்டு

புதூர்நாடு
16.6.2024

என் தமக்கை பெற்ற தங்கமும், கண்ணமங்கலம் ஆஸ்பத்திரி லேப்பில் ஊர் ரத்தத்தை எல்லாம் சொட்டுவிடாமல் விசாரிக்கும் நீதிபதியுமான தேவயானிக்கு,

யாரும் முடிசூட்டாத ஜவ்வாதுமலை மன்னன், மூன்று ஏக்கர் சாமைக்காட்டுச் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் வேடியப்பன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை மாணிக்கம்மாளும் இரண்டு காளைகளும் நலம். மாப்பிள்ளை அருள்மணியும் குட்டிப்பிசாசு கவியாவும் நலமா?

உங்கள் ஆஸ்பத்திரி வண்டி போன மாதம் மலைக்கு வந்து என் ரத்தத்தைக் கொண்டுபோனதல்லவா? ஒரு குழாய் கேட்டார்கள். என் வீரத்தைப் பார்த்து ஒரு குடம் எடுத்தார்கள். அதன் ரிசல்ட் தாள் வந்தது. புதூர்நாட்டுப் பள்ளியில் நூற்றுக்கு ஏழு மார்க்குக்கு மேல் நான் பார்த்ததில்லை. இதில் 'நாற்பதுக்குள் இருக்க வேண்டும்' என்று அச்சடித்திருக்கிறது, நான் வாங்கியிருப்பது நூற்று நாற்பத்தெட்டு! நாற்பதுக்கு நூற்று நாற்பத்தெட்டு மார்க் வாங்கியவன் இந்தத் தேசத்தில் உண்டா? ஊர்வலம் எப்போது என்று எழுது.

போனில் கேட்கலாம்தான். ஆனால் சிக்னல் பாறை மேல் ஏறி நின்று கத்த வேண்டும். நான் பாறையில் தும்மினால் மூன்று ஊர் தள்ளி ஆயுசு நூறு என்பார்கள். அதனால் கடிதம். தபால்காரர் வடிவேலுவிடம் சொல்லிவிட்டேன், உன் கடிதத்தை வீட்டில் போட மாட்டார், டீக்கடையில் என் கையில் தருவார்.

அத்தைக்கு இதைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
முதல் மாணவன் வேடியப்ப மகாராஜா

*

கண்ணமங்கலம்
25.6.2024

அன்புள்ள மாமாவுக்கு, தேவயானி வணக்கம். நாங்கள் மூவரும் நலம். கவியா உங்கள் கடிதத்தைப் பிடுங்கி வாசித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மார்க்கை விளக்குகிறேன். ஈரலின் அணுக்களுக்குள் என்சைம் என்று ஒன்று இருக்கும். அது உள்ளேயே இருக்க வேண்டிய சரக்கு. ஈரல் வெந்து அணுக்கள் உடைந்தால் ரத்தத்தில் கசியும். நாங்கள் அளப்பது அந்தக் கசிவை. எதிர்மலையில் புகை தெரிந்தால் அங்கே தீ என்று நீங்கள் சொல்வீர்களே, அதுபோலத்தான். உங்கள் ஈரலில் புகை எழும்புகிறது. மூட்டியது மஞ்சள்காமாலை பி வைரஸ். அதுவும் சோதனையில் தெரிந்துவிட்டது. பல வருடமாக இருந்திருக்கலாம்.

பயப்பட வேண்டாம், ஆனால் விளையாடவும் வேண்டாம். திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகத் தருவார்கள். தினம் ஒன்று. நடுவில் நிறுத்தினால் தீ முன்னைவிட மூர்க்கமாகப் பிடிக்கும். சாராயம் தொடக்கூடாது.

அத்தைக்கும் கட்டாயம் ரத்தம் பார்க்க வேண்டும். இது எப்படியெல்லாம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் என்பதை மாமாவுக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் தேவயானி

*

புதூர்நாடு
20.7.2024

புகை கண்டு தீ சொல்லும் மருமகளுக்கு, ஆசீர்வாதம். வீட்டில் மூவரும் சுகம்தானே? இங்கே பலாப்பழக் காலம். நம் மரத்தில் காய்த்த ஒரு பழத்தைத் தங்கவேல் ஜீப்பில் ஏற்றினோம், ஜீப்பின் முன்சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்த்துவிட்டன.

திருப்பத்தூருக்குப் படையெடுத்தேன். கோட்டை வாசலில் நானூறு பேர் வரிசை. மாத்திரை டப்பாவைக் கைப்பற்றித் திரும்பினேன். டாக்டர் அம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், என் முதுகுக்குப் பின்னால் முப்பது பேர். நீ கேட்கச் சொன்னதை எங்கே கேட்பது? விட்டுவிட்டேன்.

மாத்திரை டப்பா காளைக்கொட்டகைக் கூரையில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு செய்தி. சாமைக்காட்டை இந்த வருடம் காட்டுப்பன்றிப் படை முற்றுகை இட்டிருக்கிறது. எழுபது பன்றிகள். தலைவன் ஒவ்வொருவனும் ஜீப் உயரம். ஆகவே சக்கரவர்த்தி காட்டுப் பரணிலேயே தங்கிவிட்டார். சாப்பாடு அங்கேயே வருகிறது. சக்கரவர்த்திக்கென்று தனித் தட்டு, தனி லோட்டா, தனிப் போர்வை. அவர் தட்டை அவரே கழுவிக்கொள்கிறார். ராஜ மரியாதை என்றால் அதுதானே?

அத்தை நலம். விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

பன்றிகளின் எமன்,
வேடியப்பன்

*

கண்ணமங்கலம்
2.8.2024

அன்புள்ள மாமா, நலமா? பன்றியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை.

அத்தையிடம் சொல்லியாயிற்றா? செப்டம்பர் 14-ம் தேதி வண்டி மறுபடி மலைக்கு வருகிறது. நீங்கள் இருவரும் வர வேண்டும். உங்களுக்கு என்சைம் பார்த்தால் போதும். அத்தைக்கு முதலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லை என்றால் தடுப்பூசி போட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை.

மாத்திரை தீர்வதற்குள் அடுத்த டப்பா வாங்கிவிடுங்கள்.

தேவயானி

*

புதூர்நாடு
20.9.2024

ரத்தினமே, குலவிளக்கே, நாங்கள் எல்லாரும் சௌக்கியம்.

14-ம் தேதி வண்டி வந்தது. யாரும் கேட்காமலே நான் முகாமின் தளபதியாகப் பொறுப்பேற்றேன். உங்கள் நர்ஸ் ரேணுகாதேவி ஊருக்குப் புதிது, பாவம். எண்பது பேரை ஒரே காலையில் குத்த வேண்டும். சீட்டில் பெயர்கூட இல்லை, எண் மட்டும். "பதினேழு! பதினேழாம் நம்பர் எங்கய்யா?" என்று நான் போட்ட சத்தத்தில் காவலூர்த் தொலைநோக்கியே ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டதாம்.

என் சீட்டு பதினேழு. ரத்தம் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

சும்மா பொது அறிவுக்காக ஒன்று கேட்கிறேன். ஒரு ஆளுக்கு அந்த எண் நாற்பதுக்குக் கீழே இருந்தால், அந்த ஆளுக்கு வைரஸ் இல்லை என்றுதானே அர்த்தம்? புகை இல்லையென்றால் தீ இல்லை. நீ எழுதியதுதான். என் கேள்வி இல்லை, டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

பதில் சீக்கிரம் போடு.

வேடியப்பன்

*

கண்ணமங்கலம்
28.9.2024

மாமா! இருபத்தாறு! உங்கள் எண் இருபத்தாறு! நூற்று நாற்பத்தெட்டிலிருந்து நான்கே மாதத்தில்! லேப்பில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மாத்திரை வேலை செய்கிறது. இனிமேல்தான் நிறுத்தவே கூடாது.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின், அதாவது இரும்புச்சத்து, போன முறை பதின்மூன்று புள்ளி எட்டு, இப்போது ஒன்பது புள்ளி ஒன்று. நான்கு மாதத்தில் இவ்வளவு இறங்கக் காரணம் வேண்டும். ஈரல் கெட்டவர்களுக்கு உள்ளுக்குள் ரத்தம் கசிவதுண்டு. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதா? வாந்தியில் ரத்தம் வந்ததா? வெட்கப்படாமல் உடனே எழுதுங்கள். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தையின் குழாய் வரவில்லையே? வராமல் போய்விட்டார்களா?

தேவயானி

*

புதூர்நாடு
5.10.2024

என் வயிற்றில் பால் வார்த்தவளே!

இருபத்தாறு! அந்தத் தாளை நூறு தடவை வாசித்தேன். தலைகீழாகப் பிடித்தும் வாசித்தேன். என் பெயர் கொண்ட சாமிக்கு ஒரு சேவல் அறுத்தேன். டீக்கடையில் எல்லாருக்கும் வடை. "இன்னா மாமா, லாட்டரி வுழுந்துச்சா?" என்றார்கள். லாட்டரி என்னய்யா லாட்டரி! என் வீட்டில் தீ பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன், அது போதாதா?

கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. இரும்புச்சத்து இறங்கினால் இறங்கட்டும், கொல்லன் பட்டறையில் போய் இரண்டு ஆணி மென்றுகொள்கிறேன். அதைப் பற்றி நீ கவலைப்படாதே, அது வேறு கதை.

உன் அத்தைக்கு இனிமேல் ரத்தம் பார்க்க அவசியமில்லை என்று நினைக்கிறேன்.

வேடியப்பன்

*

புதூர்நாடு
18.11.2024

தேவயானிக்கு அத்தை எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் கொழந்தையும் நல்லா இருக்கீங்களா? நான் உசுரோட இருக்கேன்.

உன்கிட்டதான் உன் மாமா மனசு வுட்டுப் பேசுவாரு. வடிவேலு கிட்ட கடுதாசி வாங்கி மடியில சொருகறதை நான் பார்க்கலன்னு நெனைக்கிறாரு. அதனால உன்னையே கேக்கறேன். அவருக்கு என் மேல இன்னா கோவம்?

ஆடி மாசத்துல பரணுக்குப் போனவரு இன்னும் வூடு வரல. கேட்டா பன்னிங்கறாரு. சாமை அறுத்து, அடிச்சு, மூட்டை கட்டி ஒரு மாசமாச்சு. வெறுங்காட்டுக்கு இன்னாத்துக்குக் காவல்? நான் சோறு எடுத்துட்டுப் போனா பத்தடி தள்ளி வெச்சுட்டுப் போங்கறாரு. என் தட்டைத் தொட மாட்டேங்கறாரு. முப்பது வருசம் ஒரே தட்டுல களி தின்னவங்க நாங்க. இப்ப ரெண்டு மாசமா ஆளும் இளைச்சுட்டாரு, பாதிக் களிய அப்பிடியே மீத்து வெக்கறாரு.

எனக்குப் புள்ள இல்ல. அது என் குறைன்னு ஊரு சொல்லுச்சு, அவரு ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப வேற எவளாவது இருந்தா நீ மறைக்காம சொல்லிடு. நான் என் தம்பி வூட்டுக்குப் போய்ட்றேன்.

அப்புறம், புரட்டாசி பொறக்கறதுக்கு முந்தி உங்க வண்டி வந்தப்ப, "உனக்குச் சக்கரை பார்க்கணும், வா"ன்னு பதினேழாம் நம்பர் சீட்டை என் கையில குடுத்து ஊசிக்கு உக்கார வெச்சாரு. அதோட ரிசல்ட்டு இன்னும் வரல. எனக்குத் தலை கிறுகிறுன்னு வருது. உன் லேப்புலதான் இருக்கும், பார்த்து எழுது.

மாணிக்கம்மாள்

*

கண்ணமங்கலம்
24.11.2024

அன்புள்ள அத்தை, வணக்கம். நான் அறிந்தவரை வேறு எவளும் இல்லை. உங்கள் மேல் கோபமும் இல்லை. தம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். உங்களுக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தம்தான் குறைவு. அதற்கு மாத்திரை இத்துடன் அனுப்புகிறேன். மற்றதை என் வாயால் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாமா சொல்வார். சொல்லவில்லை என்றால் நானே மலையேறி வந்து அவரை உங்கள் முன்னால் நிறுத்துகிறேன்.

உங்கள் தேவயானி

*

கண்ணமங்கலம்
24.11.2024

மாமா,

நலம் விசாரிக்கப் போவதில்லை, நீங்கள் நலமில்லை என்று எனக்குத் தெரியும்.

பதினேழாம் நம்பர் சீட்டில் யாருடைய ரத்தம் வந்தது என்று அத்தையின் கடிதம் சொல்லிவிட்டது. உங்களுக்கு எண் இறங்கிவிட்டது என்று நான் டீ வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்கு உள்ளே ரத்தம் கசிகிறது என்று சோறு தின்னாமல் கிடந்தேன். இரண்டும் அத்தையுடையது. பெயர் கேட்காமல் ஊசி போட்டது எங்கள் தப்பு, அதை நான் இங்கே சொல்லிவிட்டேன். அடுத்த முறை சீட்டில் பெயர் இருக்கும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அத்தைக்கு வைரஸ் இல்லை என்று அந்த இருபத்தாறு சொல்லவில்லை. உங்கள் பெயரில் வந்ததால் என்சைமும் இரும்புச்சத்தும் மட்டும்தான் பார்த்தோம், வைரஸ் சோதனை செய்யவே இல்லை. அந்த எண் ஈரல் வேகிறதா என்றுதான் சொல்லும். வைரஸ் சத்தமில்லாமல் பல வருடம் படுத்திருக்கும், எண் நாற்பதுக்குள்ளேயே நிற்கும். நீறு பூத்த நெருப்பு தெரியுமல்லவா? புகை வராது. நீங்கள் பொது அறிவு என்று கேட்டபோது நான் பதில் எழுதவில்லை. இருபத்தாறைப் பார்த்த சந்தோஷத்தில் கேள்வியை மறந்துபோனேன்.

இன்னொன்றும் நான் எழுதாமல் விட்டேன். கூச்சப்பட்டு விட்ட அந்த ஒரு வரி இதுதான்: இது ரத்தத்தால் பரவும், புருஷன் பெண்டாட்டி சேர்வதால் பரவும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. ஒரே லோட்டாவில் குடித்தால் வராது. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. இதை ஜூன் மாதமே எழுதியிருந்தால் நீங்கள் பரணுக்குப் போயிருக்க மாட்டீர்கள். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது.

டிசம்பர் 14 வண்டி வரும். அதற்குள் அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பன்றி இல்லாமல் பதில் எழுதுங்கள்.

தேவயானி

*

புதூர்நாடு
3.12.2024

தேவயானிக்கு,

பன்றி இல்லாமல் எழுதுகிறேன். பன்றி வரவே இல்லை, கண்ணு. எழுபதும் இல்லை, ஒன்றும் இல்லை.

மாத்திரை ஆகஸ்டில் தீர்ந்தது. மறுபடி திருப்பத்தூர் போனால் எங்கே, எதற்கு என்று அவள் கேட்பாள். போகவில்லை. உன்னிடம் சொல்லவில்லை.

நான் பயந்தது எனக்காக இல்லை. என்னிடமிருந்து அவளுக்குப் போயிருந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? பிள்ளையும் கொடுக்கவில்லை, வியாதியைக் கொடுத்தேன் என்றாகாதா? முதலில் அவளுக்கு இல்லை என்று தெரியட்டும், பிறகு என் கதையைச் சொல்லலாம் என்று சீட்டை மாற்றினேன். இருபத்தாறு வந்ததும் தப்பித்தாள் என்று நினைத்தேன். அப்புறம் பரணைவிட்டு இறங்கவே தைரியம் வரவில்லை. இறங்கினால் ஒட்டிக்கொள்ளுமே என்று.

உன் கடிதம் வந்த அன்றே அவளைக் காட்டுக்கு வரச்சொன்னேன். முறத்தோடு வந்தாள். சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதான்."

"அடப்பாவி, நான் ஊரு ஊரா எவ வூடுன்னு விசாரிச்சுக்கினு இருந்தேனே! சாந்தம்மா கிட்ட போய்ச் சண்டையே போட்டுட்டேன்யா!"

முறத்தால் முதுகில் அடித்தாள். எத்தனை அடி என்று எழுத வேண்டுமா? மூன்று. முன்னூறு இல்லை.

அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கையைத் திருப்பிப் பச்சையைக் காட்டினாள். சின்ன வயதில் திருவிழாவுக்கு வந்த குறத்தி எனக்குத் தேளும் அவளுக்குக் கோலமும் ஒரே ஊசியில், ஒரே மையில் குத்தியது. "யாரு யாருக்குக் குடுத்தோம்னு யாருக்குத் தெரியும்? நீயா எல்லாத்தையும் தலையில தூக்கி வெச்சுக்காத" என்றாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் இருக்குதாய்யா?" என்று கேட்டாள்.

 வண்டி வரட்டும், இந்த முறை உன் சீட்டில் உன் பெயர் இருக்கும் என்றேன்.

14-ம் தேதி இருவரும் வருகிறோம்.

உன் மாமன்

*

புதூர்நாடு
9.1.2025

அன்புள்ள தேவயானிக்கு, மாமனும் அத்தையும் எழுதுவது. கவியாவுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய், இப்போது தேவலையா? இங்கே பனி கடுமை. புளி நன்றாகக் காய்த்திருக்கிறது, ஆனால் இந்த வருடம் மரமேறி உலுக்க ஆள்தான் பார்க்க வேண்டும். என்னால் ஏற முடியவில்லை.

நீ அனுப்பிய இரண்டு தாளும் வந்தன. அத்தைக்கும் வைரஸ் இருக்கிறது. எண் இருபத்தொன்பது. இருவரும் திருப்பத்தூர் போனோம். அந்தச் சின்ன டாக்டர் அம்மா அவளுக்கு இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை, எண் ஏறுகிறதா என்று மட்டும் விடாமல் பார்த்துவர வேண்டும் என்றார். யார் யாருக்குக் கொடுத்தது என்று கேட்டேன். முதுகுக்குப் பின்னால் வரிசை நின்றது, இருந்தும் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எனக்கு மாத்திரை மறுபடி ஆரம்பித்திருக்கிறது. மாதாமாதம் ரத்தம் கொடுக்க வேண்டும். என் ஈரல் தேறுமா என்று கேட்டதற்கும் இப்போது சொல்ல முடியாது என்றார்.

மாத்திரை டப்பா இப்போது கொட்டகையில் இல்லை, அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் களிக்குமுன் அத்தை கையில் வைக்கிறாள், நான் விழுங்கும்வரை நிற்கிறாள். தட்டு ஒன்றுதான்.

டீக்கடையில் நேற்று, "மாமா, உன் மார்க்கு இப்ப எவ்ளோ?" என்று கேட்டார்கள். ஊருக்கே தெரிந்துவிட்டது, உன் அத்தை சிக்னல் பாறையில் ஏறித் தன் தம்பிக்குச் சொல்லிவிட்டாள். அவர்கள் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். நாலாயிரம் என்றிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு என்றேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வேடியப்பன்
மாணிக்கம்மாள்